இருக்கையா, விதையா?

நெடுங்காலமாக மக்கள் உள்ளத்தில் நிலைத்துவிட்ட கருத்துகளைக் குறிக்க ஆங்கிலத்தில் 'டீப் சீட்டட்' என்னும் அடைமொழி வழங்குகிறது. 'டீப்' என்பது ஆழம். 'சீட்' என்பது இருக்கை. ஆழத்தில் அமர்ந்தது என்பது பொருள். தோலுக்கு வெகு கீழே அமைந்த கட்டியையும் வலியையும் மருத்துவர் இச்சொல்லாலேயே குறிப்பர். இக்காலத்தில் சிலர் இதனை 'டீப் சீடட்' என்று எழுதுகின்றனர். 'சீடு' என்பது விதை. அமெரிக்கர் பேச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிப்பது இப்பிழைக்கு இடந்தந்தது.

பொருள் விளங்கினாற் போதாதா என்று கேட்பார் உளர். விதையும் மண்ணுள் கிடப்பதுதானே என்பாரும் உளர். நாற்றங்காலில் வேலை செய்த எத்தொழிலாளியும் இதற்கு விடை கூறுவார்: அளவு கடந்து ஆழப் புதைத்த விதை முளைப்பதில்லை.

இதனை வெறும் எழுத்துப் பிழையென நாம் விட்டுவிடாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. ஒரு கருத்துக்கு இடும் அடைமொழி, அதனை அகற்றும் வழியையும் உடன் சொல்லிவிடுகிறது. 'டீப் ரூட்டட்' என்பது ஆழ வேர்விட்டது. அதனை அகழ்ந்தெடுத்தல் வேண்டும். லாலான் புல்லைப்போல் ஒரு துண்டு தங்கினும் மீண்டும் தழைக்கும். 'டைட் இன் தி வுல்' என்பது, நூலாக நூற்குமுன்பே சாயமேற்றிய ஆட்டு மயிரைக் குறித்தெழுந்த சொல். அச்சாயம் எளிதில் வெளுப்பதன்று. 'டீப் சீட்டட்' என்பதோ அமர்ந்திருப்பது. அமர்ந்ததை எழுப்பலாம். இருக்கையினின்று இறக்குதலைக் குறிக்க 'அன்சீட்' என்னும் வினையும் அம்மொழியிலேயே உண்டு.

இதற்கு மருத்துவ உலகமே சான்று. வயிற்றுப் புண்ணுக்கு மனக்கவலையும் மிகுந்த அமிலமுமே காரணம் என்னும் எண்ணம் மருத்துவரிடையே நெடுநாள் வீற்றிருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர் இரைப்பையில் வாழும் ஒருவகை நுண்கிருமியை வளர்த்துக் காட்டினர். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே பருகி, இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005-இல் இருவருக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அளிக்கப்பெற்றது. வயிற்றுப் புண்களுள் பெரும்பாலானவற்றுக்கு அக்கிருமியே காரணம் என்பது நிலைபெற்றது. பழைய எண்ணம் இருக்கையை விட்டு எழுந்தது; எழுப்பியது சான்று.

ஆங்கிலத்திலிருந்து பெயர்ப்போர் இவ்வடைமொழிகள் அனைத்தையும் 'வேரூன்றிய' என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுதல் எளிது, பொருத்தமன்று. ஒரு கருத்தைக் கண்டவிடத்து, அது வேர்விட்டதா, சாயமாய் ஊறியதா, வெறுமனே அமர்ந்திருப்பதா என்று முதலில் ஆராய்தல் வேண்டும். அமர்ந்திருப்பதை வேரூன்றியது என்று எழுதினால், படிப்போர் அதனை அசைக்கவும் அஞ்சுவர். சான்று கேட்ட மாத்திரத்தில் எழுந்து போகக்கூடிய கருத்துக்கு வேரைக் கற்பித்தல், அதற்கு நாமே காவல் நிற்பதாகும்.