வடுவூரார் வழி

நம் சங்க மலருக்குத் துப்பறியும் நாவல் மரபைப் பற்றி எழுதித் தரும்படி தலைவர் ஐயா பணித்தார். ஆரணி குப்புசாமி முதலியார், ஜே.ஆர்.ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஆகியோரை நம் உறுப்பினர்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தனுக்கு இன்னும் நம் சங்கத்தில் தனிக் கட்சியே உண்டு. அவர்கள் பொறுத்தருள வேண்டும். நான் வடுவூரார் கட்சி.

அந்தக் கட்சியில் என்னைச் சேர்த்தவர் வாடகை நூல் நிலையம் நடத்திய என் ஆசான். வடுவூராரின் ‘மேனகா’ நாவலின் முதல் பாகத்தைக் கையில் கொடுப்பார். அடுத்த பாகம் கேட்டுப் போனால், "யார் மேல சந்தேகம்? எந்த அத்தியாயத்துல, ஏன்?" என்பார். பதில் சரியில்லை என்றால் புத்தகம் அலமாரிக்கே திரும்பிவிடும்.

வடுவூரார் (1880-1942) ரெயினால்ட்ஸ் போன்றோரின் ஆங்கில நாவல்களைத் தழுவியவர்தானே என்பார்கள். தழுவினார்தான். ஆனால் மேனகாவைப் படுத்தும் நாத்தனார்களின் பேச்சை எந்த வெள்ளைக்காரரிடமிருந்து எடுத்தார்? அந்தக் கூடமும் சமையற்கட்டும் அசல் தஞ்சாவூர்ச் சரக்கு. வலையில் அகப்பட்ட மேனகாவைக் காப்பாற்ற நூர்ஜஹான் என்னும் முஸ்லிம் பெண்ணை அவர் கொண்டுவந்து நிறுத்தும் துணிச்சல் இன்றைக்கும் எத்தனை பேருக்கு வரும்? ‘மனோரஞ்சனி’ மாத இதழ் மூலம் எழுதிக் குவித்தவர். நடுவே பிராமணர்களையும் எகிப்தையும் முடிச்சுப் போட்டு ஆங்கிலத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சியும் போட்டார். அதைப் பெரியவர்கள் மன்னித்துவிட்டார்கள். ‘மேனகா’ 1935இல் ராஜா சாண்டோ இயக்கத்தில் படமானது. 1950இல் அவருடைய ‘திகம்பர சாமியார்’ நாவலை மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக எடுத்தபோது, வேஷத்துக்கு மேல் வேஷம் கட்டி நம்பியார் கதாநாயகனாக நடித்தார்.

பிறகு வந்த தேவனின் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ் - வஸந்த் எல்லாம் வேறு வேறு வழி. ஆயிரத்துக்கு மேல் நாவல் எழுதிய கோவை ராஜேஷ்குமாரின் உழைப்பை யாரும் குறை சொல்ல முடியாது.

இன்று எழுதுகிறவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். சிலரைப் பற்றித்தான் வருத்தம், பெயர் வேண்டாம். கொலைகாரன் கடைசி இரண்டு பக்கத்தில்தான் முதன்முதலாகத் தலைகாட்டுகிறான். ஏழாம் அத்தியாயத்துச் சுமதி பன்னிரண்டில் சுகந்தி ஆகிவிடுகிறாள். முடிச்சை அவிழ்ப்பதோ சிசிடிவி கேமரா! அதைப் போட்டுப் பார்த்துச் சொல்ல எதிர்க்கடைக்காரர் போதுமே, துப்பறிபவர் எதற்கு? ஒரு பதிப்பாளருக்குப் பிழைகளைப் பட்டியலிட்டு எழுதினேன். பதிலே இல்லை. அடுத்த பதிப்பிலும் அதே சுகந்தி. புரூஃப் பார்ப்பவர் ஒழிந்தார், தடயம் வைக்கும் ஒழுக்கம் ஒழிந்தது, ‘ர’வுக்கும் ‘ற’வுக்கும் இருந்த வேற்றுமையும் ஒழிந்தது. இப்படியே போனால் இன்னும் பத்து வருஷத்தில் சந்தேகப்படத் தெரிந்த வாசகரே தமிழ்நாட்டில் மிஞ்ச மாட்டார்; அப்புறம் தேர்தல், கோர்ட்டு, கல்யாணம் எதுதான் உருப்படும்?

வடுவூராரின் பழைய பதிப்புகள் வைத்திருக்கும் உறுப்பினர்கள், அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, சங்க நூலகத்துக்குத் தந்து உதவ வேண்டும். மறுபதிப்புகளோடு ஒப்பிட்டுப் பிழை குறிக்க ஆள் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.