கலிலியோவின் சபதம்: பிரெக்டின் நாடகமும் விஞ்ஞானப் பொறுப்பும்

பேர்டோல்ட் பிரெக்டின் 'கலிலியோவின் வாழ்க்கை'யை, மதபீடத்துக்கும் பகுத்தறிவுக்கும் இடையே நிகழ்ந்த மோதலின் சித்திரிப்பாகக் கொள்வது விமர்சகரிடையே பெருவழக்கு. அவ்வாறு கொண்டால், நாடகாசிரியர் அதனை மீண்டும் மீண்டும் திருத்தி எழுதியமைக்கான காரணம் புலப்படாமற் போய்விடும்.

1938இல் டென்மார்க்கிற் புகலிடம் பெற்றிருந்தபோது எழுதிய முதல் வடிவத்தில், விசாரணை மன்றத்தின் முன் தன் கொள்கையைக் கைவிடும் கலிலியோ ஒரு தந்திரசாலி. பணிந்து பிழைத்து, மறைவில் நூலெழுதி, அது எல்லை கடந்து செல்ல வழிசெய்கிறான். நாசிசத்தின் கீழ் உண்மையைப் பரப்ப முயன்றோருக்கு உகந்த படிமம் அது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா அழிந்தபின் பிரெக்டின் பார்வை மாறிற்று. நடிகர் சார்ள்ஸ் லோட்டனுடன் சேர்ந்து உருவாக்கி 1947இல் லொஸ் ஏஞ்சல்ஸில் மேடையேற்றிய ஆங்கில வடிவத்திலே, அதே மனிதன் தன்னைத்தானே குற்றவாளியாக நிறுத்துகிறான். அறிவை அதிகாரத்திடம் கையளித்துவிட்டதாகக் கூறுகிறான். பின்னர் திருத்திய வடிவத்திலே, மருத்துவர் ஏற்கும் சபதம் போன்றதொன்றை விஞ்ஞானிகளும் ஏற்றிருக்கலாமே என வருந்துகிறான்.

இச்சபதமே என் ஐயத்துக்கு இடமாவது. பிறநாட்டார் கண்ட தொலைநோக்கியைத் தனதெனக் காட்டி, வெனிஸ் குடியரசிடம் கலிலியோ சம்பள உயர்வு பெறும் தொடக்கக் காட்சிகளிலேயே, ஆய்வு யாருடைய பணத்தில் நடைபெறுகிறது என்பதைப் பிரெக்ட் காட்டிவிட்டார். பின்னர் வரும் இரும்பு வார்ப்புத் தொழிலதிபர் வன்னி, எழுச்சிபெறும் வர்க்கத்தின் சார்பில் அவனுக்கு ஆதரவளிக்க முன்வருகிறார். பொருளியல் அடித்தளத்தை இத்துணைத் தெளிவாகக் கண்ட ஒருவர், இறுதியிற் பிரச்சினையைத் தனிமனித மனச்சாட்சியிடம் ஒப்படைத்தல் பொருந்துமா?

சபதத்தின் எல்லை யாதென்பதை அண்மைக்கால வரலாறு உணர்த்தியுள்ளது. மரபணு இணைப்புச் சோதனைகள் சிலவற்றைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு 1974இல் போல் பேர்க் முதலியோர் சக விஞ்ஞானிகளை வேண்டினர். 1975 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் ஏறத்தாழ 140 பேர் கூடி நெறிமுறைகளை வகுத்தனர். நேர்மையான முயற்சிதான், அதனை இகழ்வது நியாயமன்று. ஆயினும் பெரிதும் ஆராயப்பட்டது ஆய்வுகூடப் பாதுகாப்பே. உயிரியல் ஆயுதம் பற்றிய வினா ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அந்நுட்பத்தை வணிகமாக்க ஜெனென்டெக் கம்பனி தோன்றிற்று.

அதே 1976இல் மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரசபை வேறொரு வழியைக் காட்டியது. ஹாவார்ட் பல்கலைக்கழகம் அமைக்கவிருந்த ஆய்வுகூடம் பற்றிப் பகிரங்க விசாரணை நடத்தி, சோதனைகளைத் தற்காலிகமாக நிறுத்தி, துறைசாராத நகரவாசிகளைக் கொண்ட குழுவொன்றை நியமித்தது. விஞ்ஞானிகளை மாதக்கணக்கில் வினவிய அக்குழு, மேலதிக நிபந்தனைகளுடன் ஆய்வை அனுமதிக்கலாமென 1977 ஜனவரியில் விதந்துரைத்தது. பாமரர் அறிவியலுக்குப் பகைவர் என்ற, நம் பல்கலைக்கழகங்களிலும் கேட்கும் கூற்றுக்கு இது தக்க மறுப்பு.

இத்தகைய மக்கட் குழுவுக்கான வித்து பிரெக்டின் நாடகத்திலேயே உண்டு. இலத்தீனில் அன்றி மக்கள் மொழியில் எழுதலாமெனக் கலிலியோ எண்ணுகிறான். திருவிழாக் காட்சியிலே அவன் கொள்கை சந்தையிற் பாட்டாக ஒலிக்கிறது. எனினும் அம்மக்கள் அவனிடம் எதையும் வினவும் காட்சியைப் பிரெக்ட் எழுதவில்லை. குற்றத்தைத் தானே சுமத்தித் தானே தீர்ப்பளிக்கும் கலிலியோவுக்கு எதிரே, இறுதியில், அவனுடைய பழைய மாணவன் ஒருவனே அமர்ந்திருக்கிறான்.