கழிக்கப்பட்ட பின்புலம்

குதிரைத்தலை நெபுலாவின் படம் ஒன்று என் முன்னால் இருக்கிறது. எடுத்தது திருப்பாதிரிப்புலியூரில், ஒரு நண்பரின் மொட்டை மாடியில். மூன்று நிமிடப் படங்கள் 160, ஆறு இரவுகள், கூட்டினால் எட்டு மணி நேர ஒளி. சிவந்த திரையின் மேல் கரிய குதிரைத் தலை. நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இத நம்ம திருப்பாப்புலியூர்லேர்ந்தா எடுத்தீங்க?" இதை நான் வெறும் வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வாசகனின் நியாயமான புகாராகவே வாசிக்கிறேன். ஏனென்றால் இந்தப் பிரதியில் திருப்பாதிரிப்புலியூர் எங்கேயுமே இல்லை.

சினிமாவை, விளம்பரத்தை, பாடப்புத்தகத்தை எல்லாம் கட்டுடைத்துப் பார்த்துவிட்டோம். வானத்துப் படம் என்றால் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறோம். அது 'இயற்கை', அது 'உண்மை', அதற்கு அரசியல் கிடையாது என்று எங்கோ ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நெபுலாப் படம் என்பது யாரும் கண்ணால் கண்டதன் பதிவு அல்ல. 1880 செப்டம்பரில் ஹென்றி டிரேப்பர் ஓரியன் நெபுலாவை 51 நிமிடம் தகட்டில் பிடித்தார். மூன்று வருஷத்தில், 1883இல், ஆண்ட்ரூ காமன் எடுத்த படத்தில் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தால் தெரியாத நட்சத்திரங்கள் விழுந்தன. அன்றோடு கண்ணின் சாட்சியம் முடிந்தது. கண் ஒளியைச் சேமிக்காது, தகடு சேமிக்கும். குதிரைத்தலையே அப்படித் தகட்டில் பிறந்ததுதான். 1888இல் ஹார்வர்டு வானாய்வகத்தில் எடுத்த தகட்டை ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தவர் வில்லியமினா ஃபிளெமிங். அந்த வானாய்வக இயக்குநரின் வீட்டில் முன்பு வேலைக்காரியாக இருந்தவர். டிரையர் தொகுத்த முதல் அட்டவணையில் அவர் பெயர் விடுபட்டு, 'பிக்கெரிங்' என்று மட்டும் இருந்தது. ஆக, பின்னணியைக் கழிக்கும் வேலை கம்ப்யூட்டர் வந்த பிறகு தொடங்கியதல்ல.

இப்போது நம் மாடிக்கு வருவோம். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. கேமராவை அதற்கு எதிராக அதே வேகத்தில் திருப்பாவிட்டால் நட்சத்திரங்கள் கோடாகிவிடும். அந்த வேலையைச் செய்கிற மவுண்ட்டின் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி நிறுத்த வேண்டும். கையேடுகளை எழுதியவர்கள் 40, 50 பாகை அட்சரேகைக்காரர்கள்; அவர்களுக்கு அது தலைக்கு மேல் பாதி உயரத்தில் நிற்கும். நமக்கோ அடிவானத்திலிருந்து பன்னிரண்டு பாகைகூட இல்லை. பக்கத்து வீட்டுத் தென்னை மட்டைக்குப் பின்னால், அதற்கும் பின்னால் புதுச்சேரியின் வெளிச்சத்துக்குள்ளே முழுகிக் கிடக்கும். "போல் ஸ்டாரத் தேடறதுலயே பாதி ராத்திரி போயிடுது" என்கிறார் நண்பர். (அந்தப் புதுச்சேரியில்தான் லெ ஜாந்தி 1769 ஜூன் 4 காலையில் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்கக் காத்திருந்தார், மேகம் மறைத்துவிட்டது. இருபது வருஷத்துக்கு முன்னால் பாரிஸிலிருந்து வான்முகில்களைத் தேடிக் கண்டுபிடித்தவர், இங்கே ஒரு சாதாரண மேகத்திடம் தோற்றார்.)

இனிதான் நான் பேச வந்த விஷயம். எட்டு மணி நேரமும் நெபுலாவின் ஒளி மட்டுமா கேமராவுக்குள் வந்தது? வந்ததில் பெரும்பங்கு தெருவிளக்கு. சோடியம் விளக்குகள் இருந்தவரை ஊர் ஒளி மஞ்சளாக இருந்தது, ஓரளவு வடிகட்ட முடிந்தது. எல்.இ.டி. வந்த பிறகு அது எல்லா நிறத்திலும் பரவிவிட்டது. இதை நீக்க மென்பொருளில் ஒரு வழி உண்டு. 'இங்கே நெபுலா இல்லை, வெறும் வானம்' என்று சில புள்ளிகளை நாம் தொட்டுக் காட்ட வேண்டும். அவற்றைக் கொண்டு கம்ப்யூட்டர் ஒரு ஒளித்தாளைக் கணக்கிட்டு, படத்திலிருந்து அதைக் கழித்துவிடும். அதற்குப் பெயரே 'பின்புலம் நீக்கல்'.

கழித்த தாளைத் தனியாகச் சேமித்துக் கொடுங்கள் என்று நண்பரிடம் கேட்டேன். "அதுல என்ன இருக்கு, வெறும் சாயம்" என்றார். கொடுத்தார். உண்மைதான், ஒரு ஓரம் வெளிச்சம் கூடுதல், எதிர் ஓரம் குறைவு. வேறொன்றும் இல்லை. ஆனால் ஆறு இரவுகளின் தாள்களை மணிவாரியாக அடுக்கிப் பார்த்தால் சாய்வு நகர்கிறது. ஓரியன் கிழக்கே கடல் மேல் இருக்கும்போது தாள் மங்கல். உச்சி தாண்டி மேற்கே இறங்க இறங்க நெய்வேலிப் பக்கத்து வெளிச்சம் ஏறுகிறது. நெய்வேலியில் நிலக்கரி நிறுவனம் 1956இல் வந்தது. 1962இல் மின்சாரம் தொடங்கியது. அதற்காகக் கிராமங்கள் இடம்பெயர்ந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலில் எந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். இந்தக் கதையெல்லாம் ஒரு சாம்பல் சாய்வாக அந்தத் தாளில் பதிந்திருக்கிறது என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் கழிக்கப்படுவது இதுதான். நம்ம ஊரை அழித்தால்தான் நெபுலா தெரியும் என்பது இந்தக் கலையின் தொழில்நுட்ப விதி. அந்த விதியை நான் மறுக்கவில்லை. அழித்ததை அழித்ததாகச் சொல்லாமல் 'வானம் இப்படித்தான் இருக்கிறது' என்று நீட்டுவதைத்தான் மறுக்கிறேன்.

ஊரைக் கழித்த இடத்தில் வேறொரு ஊர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நண்பரின் இன்னொரு படம், கழுகு நெபுலா. தங்க நிறத் தூண்கள், நீலப் பின்னணி. 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி எடுத்த படத்தின் அதே வண்ணத் திட்டம்: கந்தகத்தின் ஒளிக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்ஸிஜனுக்கு நீலம். கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் அந்த ஒளியும் கண்ணுக்குச் சிவப்புதான். ஒன்றைப் பச்சையாக்கியது மனிதர்களின் முடிவு. பிரித்துப் பார்க்க அது உதவுகிறது, சரி. ஆனால் எலிசபெத் கெஸ்லர் 2012இல் எழுதிய நூலில் காட்டியபடி, ஹப்பிள் படங்களின் அழகியல் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர்கள் மேற்குப் பிரதேசத்தைத் தீட்டிய முறையோடு உறவுள்ளது. மலை, அந்தி வெயில், ஆளில்லாத பெருவெளி. அங்கே ஆள் இல்லாமல் போனது எப்படி என்று செவ்விந்தியர் வரலாறு படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கெடிலக்கரையில் ஒரு மாடியிலிருந்து எடுத்த படமும் அந்த வெயிலைத்தான் பூசிக்கொண்டிருக்கிறது.

எதைப் படமெடுப்பது என்பதிலும் இதே கதை. அமெச்சூர்களின் செவ்வியல் பட்டியல் சார்ல் மெஸ்ஸியேயுடையது, 110 பொருட்கள். வால்நட்சத்திரம் தேடுகிறவர்கள் ஏமாந்துவிடக்கூடாது என்று அவர் தொகுத்த தொல்லைப் பட்டியல்தான் பிறகு புனிதப் பட்டியலாயிற்று. அது பாரிஸ் வானத்தின் பட்டியல். ஓரியனைவிடப் பெரிய, பிரகாசமான கரினா நெபுலா அதில் கிடையாது, ஏனெனில் பாரிஸில் அது உதிப்பதே இல்லை. 1751–52இல் நன்னம்பிக்கை முனைக்குப் போன லக்காயின் பட்டியலில்தான் அது இடம்பெற்றது. நமக்கோ அது தெற்கே, சிதம்பரத் திசையில், 18 பாகை உயரம் வரை வரும். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். "தாழ்வா இருக்கு, மூட்டம்" என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "லிஸ்ட்ல இல்ல" என்றார்.

சிதம்பரம் என்றதும் ஆகாயத் தலம், திரைக்குப் பின்னால் வெட்டவெளி, தெற்கு வாசல், நந்தன் என்று ஒரு உருவகச் சங்கிலி பேனாவில் தயாராக நிற்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடப்போவதில்லை. ஒரு நெபுலா பட்டியலில் விடுபடுவதும் மனிதர்களை வாசலில் நிறுத்துவதும் ஒன்றல்ல.

சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு நெபுலா எதற்கு என்று ஒரு தோழர் கேட்பார் என்பதும் தெரியும். வானம் பார்ப்பது மாடி வைத்திருப்பவன் வேலை என்று முடிவு செய்தது யார்? நட்சத்திரம் பார்த்துக் கடலில் திசை கண்டவர்கள் இந்தக் கரையில்தான் இருக்கிறார்கள். ஆனால் தோழரின் கேள்வியில் வேறொரு நியாயம் உண்டு, அதை நான் என்னிடமே கண்டேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. மாவட்டம் முழுக்க இருட்டு. புத்தாண்டு ராத்திரி நிலா மறைந்த பிறகு மாடியில் நின்று நான் பார்த்த வானத்தை அதற்கு முன்னும் பின்னும் இந்த ஊரில் பார்த்ததில்லை. ஓரியனின் வாளில் நெபுலா வெறும் கண்ணுக்கே புகையாய்த் தெரிந்தது. விடிய நாலு மணிக்குத் தெற்கே கரினாவும். எவ்வளவு அழகான இருட்டு என்று டைரியில் எழுதிவைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கடலோரக் குப்பத்தில் அரிசி கொடுக்கப் போனபோது இதைச் சொல்லித் தொலைத்தேன். தார்ப்பாய்க்குக் காத்திருந்த ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாங்களும் பாத்தோம் சார். கூரைதான் இல்லியே, படுத்தா நேரா வானம்தான்."

எங்கள் தெருவுக்கு முதலில் கரண்ட் வந்தது. அங்கே வெகுநாள் கழித்து. இன்றும் நல்ல இருட்டு வேண்டுமென்றால் படமெடுப்பவர்கள் ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் வண்டி கட்டுகிறார்கள். கருவிப் பெட்டியோடு போய், மலையாளிப் பழங்குடிகளின் ஊர்களில் விளக்கு குறைவாக இருப்பதை வசதியாக அனுபவித்து, விடிந்ததும் திரும்புகிறோம். 'நோம்' என்று என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்திருக்கிறேன்: இனி படத்தைக் காட்டும் இடத்திலெல்லாம் கழித்த தாளையும் பக்கத்தில் காட்டட்டும். "அத யார் பாப்பாங்க?" என்கிறார். இந்தக் கட்டுரையோடு இரண்டையும் ஆசிரியருக்கு அனுப்புகிறேன். இதழில் வண்ணம் கிடையாது; குதிரைத்தலை எப்படியும் கருப்பு வெள்ளையில் அடிபட்டுப் போகும். ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறதென்றால் தாளையே போடுங்கள். வெறும் சாம்பல் கட்டமாகத்தான் வரும். அச்சுப் பிழை இல்லை என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.