கழுத்தில் தெரியும் கைத்திறன்

குழந்தைக்குக் குரோஷாவில் பின்னிய சட்டை ஒன்றைக் கையில் வாங்கியதும் எல்லோர் கண்ணும் முதலில் பூவுக்குத்தான் போகும். நெஞ்சில் ஒட்டியிருக்கும் ரோஜா, கீழ்விளிம்பில் ஓடும் சிப்பி வளைவு, நாடா நுனியில் தொங்கும் குஞ்சம் ஆகியவற்றைப் பார்த்துத்தான் "எவ்வளவு அழகு!" என்று வாயில் வருகிறது. குரோஷாவில் சுலபமான வேலை இவைதான் என்பதைப் பின்னுகிறவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பாராட்டு தானாக வரும்போது யார் சொல்வார்கள்? ஊசி பிடிக்கத் தெரிந்த எவரும் அந்த ரோஜாவை ஓரிரு மாலைகளில் பழகிவிடலாம். மேசை விரிப்பிலும் டி.வி. மேல் போடுகிற துணியிலும் அதே ரோஜா அதே போல உட்காரும். குழந்தைச் சட்டையை ரசிக்க வேண்டுமென்றால் பூவைக் கையால் மூடிக்கொண்டு கழுத்தைப் பார்க்க வேண்டும்; பிறகு கைக்குழியை, பிறகு கைமுனையை; கடைசியாகச் சட்டையை உள்பக்கம் வெளிவரத் திருப்ப வேண்டும். பேசத் தெரியாத, வளர்ந்துகொண்டே இருக்கிற ஓர் உடம்பைப் பற்றிப் பின்னியவர் எவ்வளவு யோசித்தார் என்பது அந்த இடங்களில்தான் தெரியும். இந்தக் கலையின் மதிப்பு அலங்காரத்தைவிட அந்த யோசனையில்தான் அதிகம் இருக்கிறது என்பது என் கட்சி.

பிறந்த குழந்தையின் உடம்புக் கணக்கே வேறு. நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தலைச் சுற்றளவு சுமார் 35 செ.மீ.; மார்புச் சுற்றளவு அதைவிட 2 செ.மீ. அளவுக்குக் குறைவு. உடல் நீளத்தில் கால் பங்கைத் தலையே எடுத்துக்கொள்ளும். கழுத்து என்று ஒன்று இருப்பதே தாடையைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். மார்பு தலையை எட்டிப்பிடிக்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது. பெரியவர்கள் சட்டையை அப்படியே சுருக்கிப் பின்னினால் தலை நுழையாது. தலைக்காகக் கழுத்தை அகலப்படுத்தினால் தோளை விட்டு நழுவும். போதாததற்கு, முதல் மூன்று நான்கு மாதம் தலை நிற்காது. எதையும் தலை வழியாக மாட்டுவது பிள்ளைக்கும் சங்கடம், மாட்டுகிறவருக்கும் பயம். ஆக, முன்பக்கம் முழுக்கத் திறக்கிற சட்டைதான் சரி. பகலெல்லாம் மல்லாந்து கிடக்கிற பிள்ளை என்பதால் முதுகில் பட்டனும் கூடாது, முடிச்சும் கூடாது. மெல்லிய மல் துணியில் தைத்த ஜப்லாவுக்கு முதுகு முடிச்சு பாதகமில்லை, அமுங்கிப்போகும். குரோஷா நாடாவின் முடிச்சு கூழாங்கல் போல உறுத்தும். முதுகில் முடிச்சு வைத்த குரோஷா சட்டையைக் கண்டால், பின்னியவர் ஜப்லாவைப் பார்த்து நகல் எடுத்திருக்கிறார், குழந்தையைப் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கழுத்தில் தொடங்கிக் கீழ்நோக்கிப் பின்னுகிற, கையும் உடம்பும் சாய்கோட்டில் சேர்கிற ராக்லான் சட்டைதான் இந்த யோசனையை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கணக்கைப் பாருங்கள். ஹாஃப் டபுள் என்ற நடுத்தர உயரக் கண்ணி போட்டால் 10 செ.மீ.க்கு 20 கண்ணியும் 13 வரிசையும் விழுகிற நூல் என்று வைத்துக்கொள்வோம். கழுத்தில் 52 கண்ணி: முன்பக்கங்களுக்கு 9, 9, கைகளுக்கு 8, 8, முதுகுக்கு 18. இவை சந்திக்கிற நான்கு மூலைகளிலும் இரண்டிரண்டு கண்ணி கூட்டினால் வரிசைக்கு 8 ஏறும். ஒன்பது வரிசையில் 124 ஆகிவிடும். உயரம் ஏறக்குறைய 7 செ.மீ., அதாவது குழந்தையின் அக்குள் வந்துவிட்டது. அங்கே கைகளுக்குரிய 26, 26 கண்ணியை விட்டுவிட்டு, அக்குளில் நான்கு நான்கு செயின் (சங்கிலிக் கண்ணி) போட்டு முன்னையும் பின்னையும் சேர்த்தால் உடம்புச் சுற்று 80 கண்ணி, 40 செ.மீ. 33 செ.மீ. மார்புக்கு 7 செ.மீ. தளர்வு. கூட்டல் ஓரிடத்தில் ஒரு கண்ணி தள்ளி விழுந்தாலும் கழுத்திலிருந்து அக்குளுக்கு இறங்குகிற சாய்கோடு நெளிந்துவிடும். எந்த ரோஜாவாலும் அதை மறைக்க முடியாது. நேர்க்கோடாக இறங்குகிற அந்த நான்கு சாய்வுகள்தான் இந்தச் சட்டையின் முகம். அக்குளில் போட்ட நான்கு செயினும் சும்மா இல்லை. அவை இல்லையென்றால் பிள்ளை கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலேறி நெஞ்சில் மடியும். அந்தச் செயினும் தோள்பகுதியும் சேர்கிற மூலையில் சிறு ஓட்டை ஒன்று விழுவது இயல்பு. நல்ல கை அதை அடுத்த சுற்றிலேயே ஒரு கண்ணியைச் சேர்த்துப் பிடித்து மூடிவிடும். அவசரக் கை பிறகு ஊசியால் இழுத்துத் தைக்கும். தைத்த இடம் கட்டியாகத் தட்டுப்படும்.

இத்தனையும் 20 கண்ணி என்ற ஒரே எண்ணின் மேல் நிற்கிறது. அதே 80 கண்ணி, 10 செ.மீ.க்கு 18 விழுகிற தளர்ந்த கையில் 44 செ.மீ. ஆகும், 22 விழுகிற இறுக்கமான கையில் 36 ஆகச் சுருங்கும். இரண்டு பக்கமும் இரண்டே கண்ணி வித்தியாசம், சட்டையில் 8 செ.மீ. வித்தியாசம். இதனால்தான் ஒரு சாண் சதுரத்துக்கு மாதிரி பின்னி, துவைத்து, காய்ந்த பிறகு அளந்துவிட்டுத் தொடங்கச் சொல்கிறார்கள். துவைக்காமல் அளப்பது பாதி வேலை. பருத்தி நூல் தண்ணீர் பட்டதும் தன் குணத்தைக் காட்டும். குரோஷாவில் ஒரு கண்ணியை முடித்ததும் ஊசியில் மிஞ்சுவது ஒரே ஒரு உயிருள்ள லூப். ஒவ்வொரு கண்ணியின் உயரத்தையும் விரல்தான் முடிவு செய்கிறது. சீரான விரலுடையவரின் வேலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் பேதம் தெரியாது.

கைப்பகுதியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. கையைச் சுற்றுச் சுற்றாகத் திருப்பாமலே பின்னிக்கொண்டு போனால், ஒவ்வொரு கண்ணியும் தனக்குக் கீழே உள்ளதன் உச்சியில் இம்மி தள்ளி உட்காருவதால், இணைப்புக் கோடு மெல்லச் சாய்ந்து கையைச் சுற்றிக்கொண்டு போகும். தவிர, உடம்புப் பகுதி திருப்பித் திருப்பிப் பின்னியதாகவும் கை திருப்பாமல் பின்னியதாகவும் இருந்தால் துணியின் தோற்றமே இரண்டாகிவிடும். கையிலும் சுற்றுக்கு ஒருமுறை திருப்பினால் இரண்டு குறையும் தீரும். அது கூடுதல் தொந்தரவு, எனவே பலர் செய்வதில்லை. கைமுனைக்குள் மூன்று விரலை விட்டுப் பாருங்கள். சின்னக் குழந்தைக்குச் சட்டை போடும்போது அதன் கையை உள்ளே தள்ள முடியாது. நாம்தான் கைமுனை வழியாக விரலை விட்டு அந்த மூடிய முஷ்டியைப் பிடித்து வெளியே கொண்டுவர வேண்டும். பார்க்கச் சிக்கென்று இருக்கட்டும் என்று கைமுனையைச் சுருக்கியவர் ஒரு குழந்தைக்கும் சட்டை மாட்டியதில்லை. பெரிய ஓட்டைகள் விழும் லேஸ் வகைப் பின்னலும் இங்கே ஆகாது, அதில் விரல் சிக்கும். உள்பக்கத்தில் நூல் முனைகள் ஒவ்வொன்றும் திசை மாற்றி மாற்றிக் கோத்து மறைக்கப்பட்டிருக்க வேண்டும். தளர்ந்த ஒற்றை இழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுகினால் இரத்த ஓட்டமே தடைபடும். காலுறையிலும் கையுறையிலும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். கழுத்தில் நாடா வைப்பதையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். சின்னக் குழந்தைகளின் உடையில் கழுத்துப் பகுதியில் இழுகயிறு கூடாது என்பது ஐரோப்பியத் தரவிதி. புகைப்படங்களில் குரோஷா குல்லா தூங்குகிற பிள்ளைக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிறந்த முதல் சில மணி நேரத்துக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அப்பால், வீட்டுக்குள் குழந்தைக்குக் குல்லா வேண்டாம், உடம்புச் சூடு ஏறிவிடும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2022இல் சொல்லிவிட்டது. நம் ஊர் வெயிலுக்கு அது இரண்டு மடங்கு பொருந்தும்.

நிட்டிங் என்கிற இரட்டை ஊசிப் பின்னல் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். குழந்தைக்கு வேண்டியது மெத்தென்று இழுபடுகிற துணி. குரோஷா தடிப்பு, விறைப்பு, நூலையும் கூடுதலாகத் தின்னும். பிறகு ஏன் குரோஷா? வாதத்தில் உண்மை இருக்கிறது. இரட்டை ஊசிப் பின்னலில் கண்ணிகள் ஒன்றுக்குள் ஒன்று நழுவி நிற்பதால் துணி இழுபட்டு மீளும். குரோஷாவில் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே பூட்டப்பட்டுவிடுகிறது. உடம்போடு ஒட்டுகிற காலுறைக்கும் கால்சட்டைக்கும் நிட்டிங்தான் உகந்தது. அங்கே போய்க் குரோஷா போட்டி போடத் தேவையில்லை. ஆனால் உள்சட்டைக்கு மேல் தளர்வாகப் போடுகிற முன்திறப்புச் சட்டை இழுபட வேண்டிய அவசியமே இல்லை, அளவு சரியாக இருந்தால் போதும். அளவு சற்றுத் தப்பினாலும் நிட்டிங் துணி இழுபட்டுக் காப்பாற்றிவிடும், குரோஷா காப்பாற்றாது. அந்தக் கண்டிப்புதான் பின்னுகிறவரை முதலிலேயே கணக்குப் போட வைக்கிறது. விறைப்பைப் பொறுத்தவரை பெரும்பாலும் பழி ஊசியின் மேல்தான் விழ வேண்டும். 2.5 மி.மீ. ஊசியில் பலகையாக நிற்கிற அதே நாலு இழைப் பருத்தி நூல் 3.5 மி.மீ. ஊசியில் துணியாக விழும். கண்ணி நெருக்கமாக இருந்தால்தான் சுத்தமான வேலை என்று மேசை விரிப்பில் கற்ற பாடத்தைக் குழந்தைச் சட்டைக்கும் கொண்டுவருவதால் வருகிற வினை இது.

இதைவிடக் கனமான எதிர்ப்பு நம் வீடுகளிலிருந்தே வரும். பிறந்த பிள்ளைக்குப் புதுத் துணி போடாமல், பலமுறை துவைத்து நைந்த பழைய வேட்டியையும் சேலையையும் கிழித்துப் போடுவதுதானே நம் வழக்கம்? இன்றைக்கோ திருப்பூர்ப் பனியன் துணியில் மெத்தென்று தைத்த செட் எந்தக் கடையிலும் கிடைக்கிறது. இடையில் இந்தப் பின்னல் எதற்கு? பழைய வேட்டியின் நியாயம் எனக்கு முழுக்கச் சம்மதம். பகட்டைவிடத் தோலுக்கு இதமே முக்கியம் என்பதை நம் பாட்டிமார்கள் எந்தத் தரவிதியும் இல்லாமலே நடத்திக்காட்டினார்கள். அதையே குரோஷா சட்டைக்கும் அளவுகோலாக வைக்கலாம் என்கிறேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் நெருடுகிற மலிவு உல்லன் நூலில் பின்னியது, எத்தனை பூ இருந்தாலும் தேறாது. மதுரா கோட்ஸ் காலத்திலிருந்து ஆங்கர் பெயரில் விற்பது போன்ற பருத்தி நூல் துவைக்கத் துவைக்க இளகும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும்தான் கம்பளி நூலுக்கு உண்மையான வேலை. திருப்பூர்ச் சட்டையோடு இதற்குப் போட்டியே கிடையாது. அது அளவு எண்ணுக்காகத் தைத்தது, இது ஒரு பிள்ளைக்காக.

விலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நிட்டிங்கை இயந்திரம் எப்போதோ எடுத்துக்கொண்டது. கைக் குரோஷாவின் கண்ணியை அப்படியே போடுகிற இயந்திரம் ஆய்வுக்கூட முயற்சியைத் தாண்டி ஆலைக்கு வரவில்லை. குரோஷா மாதிரித் தெரிகிற இயந்திரத் துணிகள் உண்டு, அவற்றின் பின்னல் கட்டே வேறு. ஆகவே கடையில் உண்மையான குரோஷா சட்டை ஒன்று சல்லிசாகக் கிடைத்தால், யாரோ ஒருவர் கூலியில் அடிபட்டிருக்கிறார் என்றே அர்த்தம். இதற்கு எடுத்துக்காட்டு ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்து நரசாபுரம்; அங்கே இந்தக் கைவேலை 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்து மிஷனரிகள் வழியாக வந்தது. அந்த நரசாபுரத்துப் பெண்களைப் பற்றி சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் வெளியிட்ட ஆய்வு நூல், நாளெல்லாம் செய்கிற வேலையை "வீட்டுப் பெண்களின் ஓய்வுநேரப் பொழுதுபோக்கு" என்று பெயரிட்டே எப்படிக் கூலியைக் குறைத்தார்கள் என்பதைக் காட்டியது. நரசாபுரக் குரோஷா லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு கூலியை உயர்த்துமா என்பது வேறு கேள்வி. பூவை மட்டும் பார்த்து விலை பேசுகிறவருக்குக் கழுத்தில் போன உழைப்பு கண்ணில் படாது, அதனால் அதற்குக் காசும் கொடுக்க மாட்டார். ரசனை குறைவது இங்கே கூலியில் போய் விடிகிறது.

மூன்று மாதத்தில் சின்னதாகிப் போகிற சட்டைக்கு இவ்வளவா என்பது கடைசிக் கேள்வி. மேலிருந்து கீழே பின்னிய சட்டைக்கு இது ஓரளவுதான் பொருந்தும். முடிச்சை அவிழ்த்து நூல் முனையை இழுத்தால் கடைசி விளிம்பு மட்டும் சரசரவென்று பிரியும். வேண்டிய இடத்தில் நிறுத்தி, அந்த ஒற்றை லூப்பில் ஊசியை மாட்டி, நான்கு வரிசை நீட்டி, விளிம்பை மறுபடி போட்டுக்கொள்ளலாம். கைகளும் அப்படியே. குழந்தை இந்த மாதங்களில் அகலத்தைவிட நீளத்தில்தான் வேகமாக வளர்கிறது. முன்திறப்பும் 7 செ.மீ. தளர்வும் அகலத்தைச் சமாளித்துவிடும். தைத்த துணிச் சட்டையில் மடிப்பு விட்டிருந்தால்தான் இது நடக்கும், கடைச் சட்டையில் மடிப்பே இருக்காது. ஒரே ஒரு சிக்கல், நூலின் சாயம். ஒரே எண்ணுள்ள நிறமானாலும் சாயத் தொகுதி மாறினால் நீட்டிய பகுதி தனியாகத் தெரியும். பழகியவர்கள் தொடங்கும்போதே ஓர் உருண்டை கூடுதலாக வாங்கிவிடுகிறார்கள். இன்னும் கெட்டிக்காரர்கள் அந்த உருண்டையையும் சட்டையோடு சேர்த்தே துவைத்து வைக்கிறார்கள், இரண்டும் ஒரே அளவில் வெளுக்கட்டும் என்று.