கயிறு பிடிக்கிற மச்சான்

சி மொழியிலேயே பிழைப்பு நன்றாக ஓடும்போது ரஸ்ட் எதற்கு? தூத்துக்குடியில் என்னோடு தொழில் செய்கிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கற்றுக்கொள்ளுங்கள். இத்தனை வருடத் தொழிலில் வேறெந்தக் கருவியும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் கொடுத்ததில்லை.

என் வேலை எடைமேடைகளோடு. துறைமுகச் சாலையிலும் உப்பளம் போகிற வழியிலும் லாரிகள் ஏறி நிற்குமே, அவைதான். இண்டிகேட்டர் பெட்டி சீரியல் கம்பி வழியே அனுப்பும் எடையை வாங்கி, ரசீது அடித்து, சர்வருக்குத் தள்ளும் சின்ன நிரல். இரவு பகலாக ஓட வேண்டும். அதில் ஒரு திரெட் எடையைப் படிக்கும், இன்னொன்று அனுப்பும். முதல் திரெட் விடுவித்துவிட்ட நினைவகத்தை இரண்டாவது போய்த் தொட்டால்? பெரும்பாலும் சி கம்பைலர் வாயே திறக்காது. நிரல் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடும். லாரிகள் வரிசைகட்டி நிற்கும் ஒரு நள்ளிரவில் விழும். விழாமல் தப்பான எடையை அனுப்பினால் இன்னும் மோசம்.

இதே தப்பை ரஸ்டில் வேண்டுமென்றே எழுதிப் பார்த்தேன். கம்பைலே ஆகவில்லை! தரவு எந்த வரியில் கைமாறியது, பிறகு எந்த வரியில் பழைய பெயரால் தொடப்படுகிறது என்று கோடு போட்டுக் காட்டி, எப்படித் திருத்தலாம் என்றும் சொன்னது. நல்ல வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிற நிதானம் அதில் இருந்தது.

விதிகள் கொஞ்சம்தான். ஒவ்வொரு தரவுக்கும் ஒரே உரிமையாளர். அவர் காலம் முடிந்ததும் நினைவகம் தானே விடுபடும். இரவல் கொடுக்கலாம். வாசிக்க மட்டும் என்றால் எத்தனை பேருக்கும் கொடுக்கலாம். மாற்றி எழுத என்றால் ஒருவருக்கு மட்டும், அந்த நேரத்தில் வேறு யாரும் தொடக்கூடாது. இரவல் உரிமையாளரைத் தாண்டி நீடிக்கக்கூடாது. இதைக் கம்பைல் ஆகும்போதே பார்க்கிற பகுதிக்கு 'பாரோ செக்கர்' என்று பெயர். நிரல் ஓடும்போது பயன்படாத நினைவகத்தைக் குப்பையாகப் பொறுக்கும் வேலை, ஜாவாவிலும் கோ மொழியிலும் இருப்பதுபோல, இங்கே இல்லை. வேகம் சி-க்கு நிகர்.

பாரோ செக்கர் ரொம்பக் கண்டிப்பு என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு எங்கள் ஊர் முத்துக்குளிப்பை நினைவுபடுத்துவேன். 1961-ஓடு நின்றுபோன தொழில். கல்லின் பாரத்தில் மூச்சடக்கி இறங்குகிறவன், கயிற்றைத் தன் மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று சொல்வார்கள். மச்சானோடு கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. மச்சான் அசந்துபோக மாட்டான். பாரோ செக்கர் அந்த மச்சான்தான். யாரும் தொடத் துணியாத பழைய திரெட் நிரலையெல்லாம் அந்தத் தைரியத்தில் பிரித்து எழுதினேன்.

துறைமுக ஊர்க்காரர்களுக்கு நினைவகப் பிழை வெறும் சாஸ்திரம் இல்லை. 2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீம்பொருளின் தாக்குதலில் மேர்ஸ்க் கப்பல் நிறுவனமே முடங்கி, மும்பைக்கு அருகே ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் ஒரு முனையம் நின்றுபோனது. அது பரவிய வழிகளில் ஒன்று, விண்டோஸில் நினைவக எல்லையை மீறி எழுதவிட்ட ஓர் ஓட்டை. ஆண்ட்ராய்டைப் பாருங்கள்: புதிய நிரலை ரஸ்ட் போன்ற மொழிகளுக்கு மாற்றத் தொடங்கிய பிறகு, பாதுகாப்பு ஓட்டைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019-இல் 76 சதவீதமாக இருந்தது 2024-இல் 24 ஆகிவிட்டது என்று கூகுள் சொல்கிறது. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் 6.1 கெர்னலுக்குள்ளேயே ரஸ்ட் நுழைந்துவிட்டது. 2006-இல் கிரேடன் ஹோர் என்ற மொசில்லா ஊழியர், தன் குடியிருப்பின் லிஃப்ட் மென்பொருள் கோளாறால் நின்று மாடி ஏற நேர்ந்த எரிச்சலில் சொந்த ஆர்வமாகத் தொடங்கிய மொழி இது!

என்னை முழுசாகக் கவிழ்த்தது வேறொன்று. 'முத்து' என்று ஒரு சரத்தில் எழுதி நீளம் கேளுங்கள். 18 பைட் என்னும். யூனிகோட் குறிகளாக எண்ணச் சொன்னால் 6. நம் கண்ணுக்கு 3 எழுத்து. அப்படி எண்ண ஒரு துணை நூலகம் சேர்க்க வேண்டும். சரத்தின் முதல் உறுப்பை எண் போட்டு எடுக்கப் போனால் கம்பைலர் மறுத்துவிடும், எதை எடுக்கிறாய் என்று தெளிவாகச் சொல்லவேண்டும் அதற்கு. ரசீதில் லாரிக்காரர் பெயரைத் தமிழில் அச்சிடுகிற எனக்கு, தமிழை இவ்வளவு மரியாதையாக நடத்துகிற ஒரு சிஸ்டம்ஸ் மொழி கிடைத்தது கொண்டாட்டம்.

கஷ்டம் உண்டு. இரவல் எவ்வளவு காலம் செல்லும் என்று காட்டும் லைஃப்டைம் குறிகள் ஆரம்பத்தில் தலையைச் சுற்றவைக்கும். பெரிய திட்டம் கம்பைல் ஆகப் பொறுமை வேண்டும். இணையப் பக்கம் மட்டும் செய்கிறவருக்கு இது அவசரமில்லை. சி-க்கு மாற்றாகப் பேசப்படும் ஸிக் மொழியும் அழகுதான். ஆனால் நினைவகப் பொறுப்பு அங்கே நம் தலையில்தான். சின்னச் சாதனங்களுக்கு சி எழுதுகிறவர், நெட்வொர்க் சேவை எழுதுகிறவர், இறுதியாண்டு மாணவர், இவர்கள் யோசித்துக்கொண்டே நாளைக் கடத்துவதுதான் எனக்கு மனசு கேட்கவில்லை.

ரஸ்டை நிறுவியதும் 'ரஸ்ட்அப் டாக்' கட்டளையைக் கொடுங்கள். ஸ்டீவ் க்ளாப்னிக்கும் கரோல் நிக்கல்ஸும் எழுதிய பாடப்புத்தகம் இணையமில்லாமலே திறக்கும், காசு கிடையாது. நாலாம் அத்தியாயம் உரிமையைப் பற்றியது. அதை மட்டும் அவசரப்படாமல், ஒவ்வொரு உதாரணத்தையும் கையால் தட்டெழுதிப் படியுங்கள்.