ஒரு ஜன்னல், ஒரு மைக், மூன்று நிமிட ஃபிலிம்: மாணவர் படத்தை ரசிப்பது எப்படி?

சின்ன வீடு. ஜன்னலுக்கு முன்னால் கணவனும் மனைவியும் அணைத்தபடி மெதுவாக ஆடுகிறார்கள். தினா வாஷிங்டனின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. கேமரா வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை, ஷாட்டும் மாறவில்லை. வெளிச்சம் ஜன்னல் பக்கமிருந்தே வருவதால் இரண்டு உடல்களும் இருண்டு, விளிம்புகள் மட்டும் வெளுத்துத் தெரிகின்றன. பாட்டு முடியும்போது அவள் அவனை இறுகப் பற்றுகிறாள். அவன் விலகிப் போய்விடுகிறான். சார்ல்ஸ் பர்னெட்டின் ‘கில்லர் ஆஃப் ஷீப்’ படத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தக் காட்சியை மறப்பதில்லை.

இது ஒரு மாணவர் படம். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக பர்னெட் எடுத்தது. வாட்ஸ் பகுதியின் கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்புகளில், 1970களின் முற்பாதியில், வார இறுதிகளில் படம்பிடித்து 1977இல் முடித்தார். 16 எம்எம் கறுப்பு வெள்ளை ஃபிலிம். மொத்தச் செலவு 10,000 டாலருக்கும் குறைவு. எழுத்து, இயக்கம், கேமரா, எடிட்டிங் நான்கும் அவரே. 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது இடம்பெற்றது.

மாணவர் படம் என்றதும் பலர் மதிப்பெண்ணைக் கூட்டிப்போட்டுப் பார்க்கிறார்கள். ‘பசங்க எடுத்தது, பரவாயில்லை’ என்ற அந்தத் தாராளம் படத்துக்குச் செய்யும் அநியாயம். எடுத்தவர்கள் கையில் என்ன கருவி இருந்தது, எது இல்லை, இல்லாததை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்று பார்ப்பதே அதை ரசிக்கும் வழி. பெரிய படத்தில் நூறு பேரின் உழைப்புக்குப் பின்னால் மறைந்துபோகும் முடிவுகள், மாணவர் படத்தில் கண்ணெதிரே நிற்கும்.

முதலில் ஷாட்டின் நீளத்தைக் கவனிக்கலாம். பல தலைமுறை மாணவர்கள் கையில் பிடித்துப் பழகிய கேமரா சுவிட்சர்லாந்தின் போலெக்ஸ் எச்16. பேட்டரி வேண்டாம், பக்கவாட்டுக் கைப்பிடியைச் சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கினால் ஓடும். முழுக்க முறுக்கினாலும் அரை நிமிடத்துக்குள் நின்றுவிடும். அதில் மாட்டும் 100 அடி ஃபிலிம் சுருள், நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் 2 நிமிடம் 46 நொடியில் தீர்ந்துபோகும். அப்புறம் வேறு சுருள், வேறு காசு. இந்தக் கணக்கு மனதில் இருந்தால் பழைய மாணவர் படங்களில் துண்டு துண்டான ஷாட்கள் ஏன் வருகின்றன என்பது புரியும். அந்த நெருக்கடிக்கு நடுவில் ஒருவர் ஒரு நீண்ட ஷாட்டை வெட்டாமல் விட்டால், அதற்கு என்ன விலை கொடுத்திருப்பார் என்பதும் புரியும். மெமரி கார்டில் மணிக்கணக்காக எடுக்கலாம் என்றாகிவிட்ட இன்று கேள்வி திரும்பிக்கொள்கிறது. இவ்வளவு எடுக்க முடிந்தும் இந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்?

அடுத்தது ஒலி. இங்கேதான் நிறைய நேரம் செலவிட வேண்டும்.

ஸ்பிரிங் கேமரா ஓடும்போது கடகடவென்று சத்தம் போடும். வசனத்தை அதன் பக்கத்தில் வைத்துப் பதிவுசெய்ய முடியாது. ஸ்டெஃபான் குடெல்ஸ்கி உருவாக்கிய நாக்ரா டேப் ரெக்கார்டர், சத்தமில்லாத கேமராவோடு சேர்ந்தபோதுதான் தெருவில் நின்று பேச்சைப் பிடிப்பது எளிதானது. அப்போதும் படம் ஒரு இயந்திரத்தில், ஒலி இன்னொன்றில். இரண்டையும் பிறகு பொருத்துவதற்குத்தான் கிளாப் பலகை: கட்டைகள் ஒட்டும் பிரேமையும் ‘டக்’ என்ற சத்தத்தையும் எடிட்டர் ஒன்றாக வைப்பார். இத்தனை வசதியும் கிடைக்காத மாணவர்கள் பேச்சே இல்லாத கதையை யோசித்தார்கள், அல்லது பேசுபவரின் வாய் தெரியாதபடி ஷாட் வைத்தார்கள். ஒரு பாத்திரம் முதுகைக் காட்டிக்கொண்டே பேசினால் அது ஸ்டைலா, டப்பிங் வசதிக்காகவா என்று யோசிக்கலாம். நல்ல படத்தில் இரண்டுமாக இருக்கும். போலந்தின் வூட்ஜ் திரைப்படப் பள்ளியில் படிக்கும்போது ரோமன் போலன்ஸ்கி எடுத்த ‘இரண்டு மனிதர்களும் ஒரு அலமாரியும்’ (1958) படத்தில் வசனமே கிடையாது. கடலிலிருந்து அலமாரியைத் தூக்கிக்கொண்டு கரையேறும் இருவரை ஊர் எங்கேயும் சேர்க்க மறுக்கிறது. கிரிஷ்டோஃப் கொமேடாவின் ஜாஸ் இசை அந்தக் கதையைச் சுமந்து போகிறது.

இன்றைய மாணவர் படத்தில் காட்சி பளிச்சென்று இருந்து ஒலி காலை வாரிவிடுவதுண்டு. செல்போன் கேமராவே நன்றாக எடுக்கிறது; அதன் மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது. ஒரு ஹாலில் இருவர் பேசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஷாட்டில் தூரத்தில் ஆட்டோ ஒன்று போகிறது. எதிர் ஷாட்டுக்கு வெட்டியதும் ஆட்டோ சத்தம் பொசுக்கென்று அறுந்து, மின்விசிறியின் இரைச்சல் எழுகிறது. இரண்டு ஷாட்டும் வேறு வேறு நேரத்தில் எடுத்தவை என்று காது சொல்லிவிடும். இதைத் தவிர்க்கத்தான் விவரம் தெரிந்த யூனிட் விசிறியை அணைத்து வியர்வையில் நிற்கிறது. ஃப்ரிட்ஜையும் அணைத்துவிட்டு, திரும்பப் போட மறக்காமலிருக்க வண்டிச் சாவியை அதற்குள்ளேயே வைப்பது ஒலிப்பதிவாளர்களின் பழைய உத்தி. கிளம்பும் முன் எல்லாரையும் அரை நிமிடம், ஒரு நிமிடம் அசையாமல் நிற்கச் சொல்லி அறையின் வெறும் அமைதியைப் பதிவுசெய்வார்கள். ‘ரூம் டோன்’ எனப்படும் அந்தத் துண்டுதான் எடிட்டிங்கில் வெட்டுகளுக்கு அடியில் பாயாக விரிகிறது. ஒரு குறும்படத்தில் பேச்சுக்கு நடுவே வரும் மௌனம் சீராக இருந்தால், ஒலிப்பதிவாளரைத் தாராளமாகப் பாராட்டலாம். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நிமிடம் கேட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி.

வெளிச்சத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இது எங்கிருந்து வருகிறது? பணமில்லாத யூனிட்டின் பெரிய விளக்கு ஜன்னல். அதற்கு எதிரே ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் முகத்தின் இருண்ட பக்கம் கொஞ்சம் எழும். பிடிக்காவிட்டால் இருட்டு அப்படியே நிற்கும். பர்னெட் அந்த நடனத்தில் இருட்டை நிற்கவிட்டார். இரவுக் காட்சி இன்னும் கடினம். புனே திரைப்படக் கல்லூரியில் சிதானந்த எஸ். நாயக் இயக்கி, 2024இல் கான் விழாவின் லா சினெஃப் பிரிவில் முதல் பரிசு வாங்கிய கன்னடக் குறும்படத்தில், ஒரு மூதாட்டி சேவலைத் திருடிவிடுவதால் ஊரில் பொழுதே விடியாது. கதையே இரவைக் கேட்கிறது. அப்படிப்பட்ட படத்தில் எது தெரிகிறது என்பதோடு, எதைத் தெரியாமல் விட்டிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

லென்ஸுக்கு வந்தால், 2008இல் வெளிவந்த கேனன் 5டி மார்க் 2ஐச் சொல்லாமல் முடியாது. புகைப்படக் கேமராவிலேயே முழு எச்டி வீடியோ. பெரிய சென்சார், விலை குறைந்த 50 எம்எம் லென்ஸ். முகம் மட்டும் துல்லியமாகவும் பின்னணி கரைந்தும் தெரியும் அழகு மாணவர்களுக்கும் எட்டியது. அதன் பிறகு வந்த குறும்படங்களில் பின்னணி கரைவது அளவுக்கு மீறிப்போனது என்றே சொல்ல வேண்டும். வீட்டையும் தெருவையும் காட்ட வேண்டிய கதையிலும் முகத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கேமராவை வேகமாகத் திருப்பும்போது மின்கம்பங்கள் சாய்ந்து தெரிவதும் அந்த வகை சென்சாரின் அடையாளம்.

டிராலி, கிரேன் இல்லாதபோது அசைவு எப்படி வருகிறது என்பது தனிச் சுவை. பர்னெட்டின் படத்தில் இருவர் ஒரு கார் இன்ஜினை மூச்சிரைக்கப் படியிறக்கி, பிக்கப் வண்டியின் ஓரத்தில் வைக்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் அது விழுந்து பாழாகிறது. கேமரா வண்டியின் பின்புறத்தில் இருந்தபடி, சாலையில் கிடக்கும் இன்ஜின் சிறுத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறது. கதைக்கு வந்த வண்டியே டிராலியாகிவிட்டது.

செட் போட வழியில்லாத இடத்திலும் இதே பார்வை உதவும். ஜார்ஜ் லூகாஸ் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கடற்படையினருக்குக் கேமரா வகுப்பில் உதவியபோது, அவர்களையே யூனிட்டாக வைத்து 1967இல் 15 நிமிட எதிர்கால உலகப் படம் ஒன்றை எடுத்தார். இருக்கிற தாழ்வாரங்களும் சுரங்க வழிகளும்தான் அதில் எதிர்காலம். மீதியை வானொலி இரைச்சலும் திரையில் ஓடும் எண்களும் செய்தன. அங்கேயே ஜான் கார்பென்டர் தொடங்கி 1974இல் வெளியான ‘டார்க் ஸ்டார்’ படத்தின் வேற்றுக்கிரகப் பிராணி, கடற்கரையில் விளையாடும் பந்துக்குக் கால் வைத்தது. அந்தப் படத்தைச் சேர்ந்து எழுதிய டான் ஓ’பேனன்தான் பிறகு ‘ஏலியன்’ எழுதினார். தமிழில் அடையாறு திரைப்படக் கல்லூரியிலிருந்து வந்தவர்கள், படிப்பு முடித்த கையோடு ‘ஊமை விழிகள்’ (1986) படத்தை சினிமாஸ்கோப்பில் எடுத்துத் தியேட்டர்களை நிறைத்தார்கள். அந்த அகலத் திரையில் இருட்டையும் வெட்டவெளியையும் எப்படி நிரப்பினார்கள் என்று மறுபடி பார்க்கத் தகுந்த படம் அது.

முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியலைப் படிக்காமல் எழுந்துவிட வேண்டாம். ஒரே பெயர் எத்தனை வேலைக்கு வருகிறது, ஒலிக்குத் தனியாக ஆள் இருந்தாரா, இசை யாருடையது? இசைக்கு உரிமை வாங்கினார்களா என்பதும் முக்கியம். ‘கில்லர் ஆஃப் ஷீப்’ முறைப்படி தியேட்டருக்கு வர 2007 வரை காத்திருந்ததற்குக் காரணம் பாட்டுகள்தான். பர்னெட் படித்த பல்கலைக்கழகத்தின் ஆவணக்காப்பகம் 16 எம்எம் படத்தைச் சீரமைத்து 35 எம்எம்முக்குப் பெரிதாக்கியது. பாடல் உரிமைக்கு மட்டும் சுமார் 1,50,000 டாலர் தேவைப்பட்டது. படம் எடுக்க ஆன செலவைப்போல் பதினைந்து மடங்கு.