கைமாறி வளர்ந்த சிரிப்பு: தமிழ் நகைச்சுவை நாவலும் நண்பர்களின் பரிந்துரையும்

தமிழில் நகைச்சுவை நாவல் என்னும் வகை திறனாய்வாளர்களின் ஆதரவால் நிலைபெற்றது அன்று. இலக்கிய வரலாற்று நூல்கள் நகைச்சுவை எழுத்தாளர்களான எஸ்.வி.வி.க்கும் தேவனுக்கும் ஒரு பத்தியை ஒதுக்கிவிட்டு அடுத்த இயலுக்குச் சென்றுவிட, அவர்களுடைய எழுத்தோ வீட்டுக்கு வீடும், அலுவலகத்தில் மேசைக்கு மேசையும், மாணவர் விடுதியில் அறைக்கு அறையும் இரவல் பிரதியாகச் சென்று, எழுதப்பட்டு எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் புதிய வாசகர்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறது. இந்த நீடிப்புக்குத் தலையாய காரணம் நண்பர்களின் பரிந்துரையே. பரிந்துரை என்பது இங்கே ஒரு நூலின் தரத்தைப் பற்றிய தீர்ப்போடு நிற்பதில்லை. கேட்பவர் எதற்குச் சிரிப்பார், எதற்கு முகம் சுளிப்பார் என்று பல ஆண்டுப் பழக்கத்தால் அறிந்த அறிவும் அதனுள் அடங்கியிருக்கிறது. துயரக் கதையை முன்பின் அறியாதவருக்கும் சிபாரிசு செய்யலாம். சிரிப்புக் கதையை ஆள் அறிந்தே கொடுக்க வேண்டும் என்பதால், திறனாய்வால் செய்ய முடியாத ஒரு வேலையை நட்பு செய்திருக்கிறது.

சிரிப்பு ஒருவகைப்பட்டது அன்று என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே வகுத்துவிட்டது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் நிலையாகிய மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, அது பிறக்கும் இடங்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறது. எள்ளல் என்பது இகழ்ந்து நகுதல். இளமை என்பது பிள்ளைத்தனம். பேதைமை என்பது அறியாமை. மடன் என்பது, உரையாசிரியரான பேராசிரியரின் விளக்கப்படி, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு அதை விடாதிருத்தல். இந்த நான்கையும் மனத்தில் கொண்டு தமிழ் நகைச்சுவைப் புனைவைப் பார்த்தால், ஒரே நூல் ஒருவரை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்து இன்னொருவரைச் சலிப்படையச் செய்வது ஏன் என்பது எளிதில் விளங்குகிறது.

மடனுக்குத் தமிழ் உரைநடையில் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. குதிரையிலிருந்து விழுபவற்றையெல்லாம் எடுக்க வேண்டும் என்ற கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றிச் சாணத்தையும் எடுத்து வருகின்ற சீடர்கள், எடுக்க வேண்டியவற்றுக்குப் பட்டியல் எழுதிக் கொடுக்கப்பட்டதும், பள்ளத்தில் விழுந்த குரு பட்டியலில் இல்லை என்பதால் அவரைத் தூக்க மறுக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இந்நூல், பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1822இல் லண்டனில் அச்சானது. ஆனால் தமிழ்நாட்டில் இதன் நிகழ்ச்சிகளை அறிந்தவர்களில் பெரும்பாலோர் அச்சுப் பிரதியின் வழியாக அன்றி, யாரோ சொல்லக் கேட்டே அறிந்திருக்கிறார்கள். நகைச்சுவைப் புனைவு இங்கே முதலில் வாய்வழியாகப் பயணம் செய்தது என்பதை இது காட்டுகிறது.

நாவல் வந்த பின்னும் அந்த வழக்கம் அறுபடவில்லை. 1879இல் வெளிவந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் பிரதாப முதலியார் சரித்திரம் வேடிக்கைக் கதைகளை நடுநடுவே கோத்துக்கொண்டு செல்கிறது. 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்த ராஜம் ஐயரின் கமலாம்பாள் சரித்திரத்தில், வேதாந்தச் சுமைக்கு நடுவிலும் அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதர் தாம் வரும் இடங்களையெல்லாம் சிரிப்பால் நிரப்புகிறார். கதையின் முடிவை மறந்துவிட்ட வாசகர்களும் அவரை மறப்பதில்லை. அக்காலத்தில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட கூட்டு வாசிப்பே பெருவழக்கு என்பதையும், மௌன வாசிப்பு பின்னரே பரவியது என்பதையும் ஆ. இரா. வேங்கடாசலபதி ‘நாவலும் வாசிப்பும்’ என்னும் ஆய்வில் விரிவாக நிறுவியிருக்கிறார். கூட்டத்தில் கேட்கும்போது பக்கத்தில் இருப்பவரின் சிரிப்பே பரிந்துரையாகிவிடுகிறது; தனியே படிக்கும் பழக்கம் வந்த பிறகு, அந்தச் சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள ஒருவரைத் தேடிப் போக வேண்டியதாயிற்று.

அந்தத் தேடலுக்கு வாரந்தோறும் பொருள் கொடுத்தது ஆனந்த விகடன். 1926இல் தொடங்கப்பட்டு, 1928இல் எஸ். எஸ். வாசன் கைக்கு வந்த அவ்விதழில் கல்கியின் ‘ஏட்டிக்குப் போட்டி’ முதலான கட்டுரைகள், நகைச்சுவையை எழுத்தாளனின் உயர்ந்த திறமைகளில் ஒன்றாக வாசகர்கள் மதிக்கும் நிலையை உண்டாக்கின. திருவண்ணாமலையில் வழக்கறிஞராக இருந்து, ஆங்கிலத்தில் எழுதிப் பெயர்பெற்றிருந்த எஸ்.வி.வி. 1930களில் தமிழுக்கு வந்து, கணவன் மனைவிக்கு இடையே நடக்கும் சின்னஞ்சிறு வாதங்களைக் கொண்டே ‘உல்லாஸ வேளை’ போன்ற படைப்புகளை ஆக்கினார். குமுதினி என்ற புனைபெயரில் எழுதிய ரங்கநாயகி தாத்தம், புராண அரசிகள் பிறந்த வீட்டுக்கு எழுதும் கடிதங்களாக அமைத்த ‘அந்தப்புரக் கடிதங்கள்’ நாவல் அன்று. எனினும் பெண்ணின் வாயிலிருந்து வரும் எள்ளல் எத்தனை நயமாக இருக்க முடியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று அக்காலத்தில் இல்லை. அது இன்று போதிய அளவு பேசப்படாதது தமிழ் வாசகர்களுக்குப் பெரிய இழப்பு.

இவர்கள் அனைவரிலும் நண்பர்களின் பரிந்துரையால் அதிகம் வாழ்ந்தவர் தேவன். திருவிடைமருதூரில் 1913இல் பிறந்த ஆர். மகாதேவன், விகடனில் சேர்ந்து அதன் பொறுப்பாசிரியராக உயர்ந்து, 1957இல் நாற்பத்து நான்கு வயதுகூட நிறையாமல் மறைந்தார். ‘மிஸ்டர் வேதாந்தம்’, ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’, ‘ராஜத்தின் மனோரதம்’ முதலிய அவருடைய தொடர்கள் நெடுங்காலம் வாசகர்களின் கையில் இருந்தது பெரும்பாலும் பைண்டு வால்யூம்களாகவே. பைண்டு வால்யூம் என்பது, வாரந்தோறும் வந்த தொடர்கதைப் பக்கங்களை இதழிலிருந்து பிரித்து, வரிசையாக அடுக்கி, அட்டை போட்டுத் தைத்துக்கொண்ட வீட்டுப் பிரதி. அதில் கதையோடு ஓவியமும், பக்க ஓரத்துத் துணுக்கும், அக்காலத்து விளம்பரமும் சேர்ந்தே வந்தன. ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போனால் அந்த அத்தியாயம் இல்லாமலே தைக்கப்பட்டது. விடுபட்ட அத்தியாயத்தைக் கொடுப்பவர் வாய்மொழியாகச் சொல்லி நிரப்புவதும் உண்டு. இத்தகைய பிரதியை இரவல் தருவது எளிய காரியம் அன்று. தொலைந்தால் கடையில் வாங்கித் திருப்பித் தர முடியாத ஒன்றை ஒருவர் கொடுக்கிறார் என்றால், வாங்குபவரின் ரசனையின் மீதும் நாணயத்தின் மீதும் அவருக்கு நம்பிக்கை இருந்தது என்பது பொருள். தேவனின் படைப்புகளை அல்லயன்ஸ் நிறுவனம் வரிசையாக நூல்களாக்கியபோது, அவற்றை வாங்கக் காத்திருந்த வாசகர் கூட்டம் இந்த இரவல் பிரதிகளாலேயே உருவாகியிருந்தது.

துப்பறியும் சாம்பு இவ்வகையில் தனியே ஆராயத் தக்கவன். 1940களில் விகடனில் தோன்றிய சாம்பு, நாற்பது வயதை ஒட்டிய வங்கிக் குமாஸ்தா. அசடன் என்று எல்லோராலும் முடிவு கட்டப்பட்டவன். அவன் தவறிச் செய்யும் காரியம் ஒன்று திருடனைக் காட்டிக்கொடுத்துவிட, அதற்கான விளக்கத்தை இன்ஸ்பெக்டர் கோபாலன் தாமே கற்பித்துக்கொண்டு சாம்புவின் மேதைமையை வியக்கிறார். பேதைமையில் பிறக்கும் நகைக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு தமிழில் இல்லை. ஏனெனில் இங்கே சிரிப்பு அசடனைப் பார்த்து மட்டும் எழுவதில்லை, புத்திசாலிகள் அந்த அசட்டுத்தனத்துக்கு அறிவுக் காரணம் தேடிக்கொடுப்பதைப் பார்த்தே பெருகுகிறது. சாதாரணத் துப்பறியும் கதையை நண்பரிடம் முழுவதும் சொல்லிவிட்டால் அவர் படிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. சாம்பு கதையிலோ முடிவு முன்னமே தெரிந்திருப்பதுதான் சுவை. தனித்தனி நிகழ்ச்சிகளாக அமைந்திருப்பதால் ஏதேனும் ஒன்றைச் சொல்லிக் காட்டிவிட்டு மற்றவற்றைப் படிக்கச் சொல்லவும் இடமுண்டு. முதலில் ஓவியர் ராஜுவின் சித்திரங்களாலும் பின்னர் ஓவியர் கோபுலுவின் படக்கதையாலும் சாம்புவின் நீண்ட மூக்கு வாசகர் மனத்தில் பதிந்துபோனது. அதிர்ஷ்டத்தால் காரியம் சாதிப்பவரைச் சாம்பு என்று அழைக்கும் வழக்கும் ஏற்பட்டது. நூலைப் படிக்காதவர் அந்தப் பெயரைப் பேச்சில் கேட்டு, அது யார் என்று விசாரித்து, அதன் வழியாகவே நூலுக்கு வந்து சேர்வது இவ்வகை இலக்கியத்துக்கே உரிய பாதை.

இதற்கு மாறாக, ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ பொறுமையை வேண்டுகிறது. ஒரு வழக்கின் விசாரணையையே நெடுகச் சொல்லும் அந்நாவலில் நகைச்சுவை சாட்சிகளின் பேச்சிலும் வழக்கறிஞர்களின் குறுக்கு விசாரணையிலும் பரவிக் கிடக்கிறதே தவிர, எடுத்துச் சொல்லத் தக்க தனி நிகழ்ச்சியாகத் திரண்டு நிற்கவில்லை. தேவனின் ஆற்றலுக்குச் சாம்புவைவிட இதுவே பெரிய சான்று என்று கொள்ள இடமிருந்தும், முதல் பரிந்துரையாக இது அமைவது அரிதாக இருப்பதற்குக் காரணம் இந்த அமைப்புதான்.

தேவனுக்குப் பின் 1963ஆம் ஆண்டு நகைச்சுவை நாவலுக்கு வளமான ஆண்டு. விகடனில் சாவியின் ‘வாஷிங்டனில் திருமணம்’ கோபுலுவின் ஓவியங்களோடு தொடராக வந்தது. குமுதத்தில் பாக்கியம் ராமசாமி என்ற பெயரில் ஜ.ரா. சுந்தரேசன் அப்புசாமித் தாத்தாவையும் சீதாப்பாட்டியையும் படைத்தார். அமெரிக்கச் செல்வக் குடும்பத்துப் பெண்மணி ஒருவர் தென்னிந்தியக் கல்யாணத்தைத் தம் ஊரிலேயே நடத்திப் பார்க்க விரும்ப, சாஸ்திரிகளும் பாட்டிகளும் அப்பளமும் விமானம் ஏறுகின்ற சாவியின் கதை, ஜானவாசம், நலங்கு முதலிய சடங்குகளை உள்ளிருந்து அறிந்தவருக்கே முழுச் சுவை தருவது. ஜானவாசம் என்பது கல்யாணத்துக்கு முந்திய மாலையில் நடக்கும் மாப்பிள்ளை ஊர்வலம் என்று விளக்க வேண்டிய இடத்தில் சிரிப்பில் பாதி கரைந்துவிடுகிறது. விகடன் மரபு பெரும்பாலும் நகரத்து நடுத்தரப் பிராமணக் குடும்பத்தின் பேச்சையும் பழக்கவழக்கத்தையும் களமாகக் கொண்டது. அந்தக் களத்துக்கு வெளியே இருந்த வாசகருக்கு அது எட்டாமல் போனதுண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அப்புசாமியின் சென்னைப் பேச்சும், கணவனை அதட்டி ஆள்கிற, ஆங்கிலம் பேசுகிற, பாட்டிகள் முன்னேற்றக் கழகத்தை நடத்துகிற சீதாப்பாட்டியின் மிடுக்கும் அந்த எல்லையைக் கணிசமாகத் தளர்த்தின. முதுமையில் தங்கிவிட்ட பிள்ளைத்தனமே அப்புசாமிக் கதைகளின் ஊற்று என்பதால், தொல்காப்பியம் கூறும் இளமை என்னும் நிலைக்களனுக்கு அவரே பொருத்தமான எடுத்துக்காட்டு. பள்ளிப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கொடுத்துப் படித்த நூல்களாக அவை இருந்ததும் இதனால்தான்.

நூல்கள் கைமாறுவதற்குத் துணைநின்ற இடங்களில் வாடகை நூலகத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சென்னையில் 1955இல் தொடங்கிய ஈஸ்வரி போன்ற வாடகை நூலகங்களில் சிறு தொகைக்கு நாவல்களை எடுத்துச் செல்ல முடிந்தது. சீர்காழியில் பிறந்து உலகப் புகழ்பெற்ற நூலகவியலாளர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள், ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூலைச் சேர்ப்பதும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைத் தேடித்தருவதும் அடங்கும். நகைச்சுவை நாவலைப் பொறுத்தவரை அந்த இரண்டாம் பணியைச் செய்தவர்கள் பெரிதும் அலமாரியின் முன் நின்று கொண்டிருந்த சக வாசகர்களே.

எள்ளலை முதன்மையாகக் கொண்ட எழுத்து சற்று வேறான வழியில் பரவியது. தொல்காப்பியத்தின் செய்யுளியல் அங்கதம் என்று கூறும் வசை, நேரே பழிப்பதாகவும் மறைத்துப் பழிப்பதாகவும் இருவகைப்படும். நவீனத் தமிழில் மறைத்துப் பழிக்கும் கலையைப் புதுமைப்பித்தன் சிறுகதையில் உச்சத்துக்குக் கொண்டுசென்றார். 1981இல் வந்த சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ மலையாள எழுத்தாளன் ஒருவனின் வாழ்க்கையைச் சொல்வதுபோலத் தமிழ் இலக்கிய உலகத்தின் போலித்தனங்களைத் தாக்கியது. அதைச் சிறுபத்திரிகை சார்ந்த நண்பர் குழுக்கள் தீவிர நாவலாகவே கொடுத்து வாங்கின. அதன் பக்கங்களில் உள்ள சிரிப்பைப் பற்றிப் பேசியது குறைவு. கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ கரிசல் மண்ணின் பேச்சிலிருந்து எடுத்துக்கொண்ட சிரிப்பைச் சுவைக்க, அந்த மண்ணின் பேச்சைக் காதால் கேட்ட நண்பர் ஒருவர் உரக்கப் படித்துக் காட்டுவது பெரிய உதவி. இலங்கையில் கொக்குவிலில் பிறந்த அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ பல நாடுகளில் கழிந்த வாழ்வை மென்மையான நகையோடு சொல்வது. ஈழத்து வாசகரும் தமிழ்நாட்டு வாசகரும் ஒருவருக்கொருவர் தயக்கமின்றிக் கொடுக்கக்கூடிய நூல்களில் அது முன்வரிசையில் நிற்கிறது.

பிற இந்திய மொழிகளிலிருந்து வந்தவற்றுள் இந்த வரிசையில் கட்டாயம் சேர வேண்டியது ஸ்ரீலால் சுக்லாவின் இந்தி நாவல் ‘ராக் தர்பாரி’. 1968இல் வெளிவந்து மறு ஆண்டே சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற அந்நாவலைச் சரஸ்வதி ராம்னாத் ‘தர்பாரி ராகம்’ என்று தமிழாக்கினார். உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றின் கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், பஞ்சாயத்து ஆகியவற்றை ஒரு குடும்பம் தன் திண்ணையிலிருந்தே ஆட்டிவைப்பதை, உடல்நலம் தேற அங்கே வந்து தங்கும் ரங்கநாத் என்னும் ஆய்வு மாணவனின் கண்வழியே அது காட்டுகிறது. களம் வடக்கே இருந்தாலும், கூட்டுறவுச் சங்கத் தேர்தலையோ பள்ளி நிர்வாகக் குழுவையோ அருகிலிருந்து பார்த்த தமிழ் வாசகருக்கு அதன் ஒவ்வொரு பாத்திரமும் அறிந்த முகமாகவே தோன்றும். ஜானவாசத்துக்கு வேண்டிய அடிக்குறிப்பு இதற்கு வேண்டியதில்லை. அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் நண்பருக்கு ஒரே ஒரு நகைச்சுவை நாவலைக் கொடுக்க விரும்புகிறவர் முதலில் எடுக்க வேண்டியது இந்நூலையே.